ரோலெக்ஸ்: பேச்சு மாறும்போது செய்யக்கூடாத தவறுகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்தப் பக்கத்தில் கல்ஃபில் உழைத்துத் திரும்பிய குடும்பத்தின் பீரோவில் ரோலெக்ஸ் ஒன்று இருக்குமானால், அது டேட்ஜஸ்ட் என்ற மாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். 36 மில்லிமீட்டர் கேஸ் (வாட்ச்சின் உடல்), கண்ணாடியைச் சுற்றி வரிவரியாகச் செதுக்கிய தங்க வளையமான பெஸல், ஓரம் எஃகும் நடு தங்கமுமாக ஜுபிலி செயின். இந்தத் தங்கமும் எஃகும் சேர்ந்த அமைப்புக்கு ரோலெக்ஸ் 1930களிலேயே ரோலஸர் என்று பெயர் வைத்துவிட்டது.

சில வருஷம் முன்புவரை வாட்ச் பிரியர்கள் இதை மதிக்கவில்லை. "மாமாமார் கட்டுற வாட்ச்" என்று ஒதுக்கினார்கள். முழு எஃகு, பெரிய அளவு, கறுப்பு டயல் என்பதுதான் அன்றைய பேச்சு. இப்போது அதே ஆட்கள் அதே 36 மில்லிமீட்டர் ரோலஸரைத் தேடுகிறார்கள், வீடியோ போட்டுப் புகழ்கிறார்கள். வாட்ச்சில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் பேச்சைக் கேட்டு டயலை மாற்றியவர்கள், கேஸைத் தேய்த்தவர்கள், தங்கத்தை எடைக்குப் போட்டவர்கள் நிறைய. அவர்கள் இழந்ததைத் திரும்ப வாங்க வழியில்லை. கீழே உள்ள தவறுகளில் பாதி இந்த வகை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதல் வாரத் தீர்ப்பை நம்புவது

புது மாடல்கள் பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தை ஒட்டி ஜெனீவா கண்காட்சியில் வரும். அன்று மாலைக்குள் நூறு வீடியோ வந்துவிடும். அதைப் போடுகிறவர்களில் பலர் வாட்ச்சைக் கையில் தொட்டது பத்து நிமிஷம். மீதிப்பேர் பார்த்தது நிறுவனம் தந்த படத்தை மட்டும். 2025-இல் லேண்ட்-டுவெல்லர் என்ற மாடல் வந்தபோது தேன்கூடு டயலைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். உள்ளே இருந்த 7135 இயந்திரத்தின் புதுவகை எஸ்கேப்மென்ட்டும் (ஓட்டத்தைத் துடிப்பு துடிப்பாக விடும் பாகம்), அது மணிக்கு 36,000 முறை துடிப்பதும் பலருடைய பேச்சில் பின்னால்தான் வந்தன.

எக்ஸ்ப்ளோரர் என்ற மாடலின் கதை இன்னும் நல்ல பாடம். 2010-இல் அதை 36-இலிருந்து 39 மில்லிமீட்டராக்கினார்கள். கேஸ் வளர்ந்தது, முள் வளரவில்லை. நிமிஷ முள் டயல் ஓரத்தைத் தொடாமல் குட்டையாக நின்றது. அது நியாயமான குறை, எல்லாரும் திட்டினார்கள். 2016-இல் முள்ளை நீட்டி, 3, 6, 9 எண்களுக்கும் ஒளிப்பூச்சு கொடுத்துச் சரிசெய்தார்கள். 2021-இல் அளவையே மறுபடி 36-க்குக் கொண்டுவந்தார்கள், 2023-இல் 40-உம் சேர்ந்தது. இப்போது அந்தக் குட்டை முள் வாட்ச்சுக்கும் தனி ரசிகர்கள் உண்டு. டேடோனா மாடலை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான்: 1960, 70களில் கடையில் விலைபோகாமல் கிடந்த வகை டயல் கொண்ட ஒன்று, நடிகர் பால் நியூமன் கட்டியிருந்தது, 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்குப் போனது. அந்த விலையில் பெரும்பங்கு கட்டியிருந்தவரின் பெயருக்கு என்பதையும் மறக்கக்கூடாது. நம் வீட்டு வாட்ச்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

புதிதாக வந்த மாடல் பிடித்திருந்தால் ஆறு மாதம் பொறுங்கள். அதற்குள் உண்மையிலேயே தினம் கட்டுகிறவர்கள் பேச ஆரம்பிப்பார்கள்: லாக் கையைக் கீறுகிறதா, வியர்வையில் செயின் நெருடுகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை செகண்ட் முன்னே பின்னே ஓடுகிறது.

பேசுகிறவரின் கணக்கைப் பார்க்காமல் விடுவது

ஒருவர் ஒரு மாடலைப் புகழ்ந்தாலோ இகழ்ந்தாலோ மூன்றைச் சரிபாருங்கள். அதே மாடலைப் பற்றி இரண்டு வருஷம் முன்பு என்ன சொன்னார்? பழைய வீடியோக்கள் அங்கேயே கிடக்கும். அவரிடமோ அவர் கூட்டாளியிடமோ அந்த மாடல் விற்பனைக்கு இருக்கிறதா? வீடியோவின் அடியில் இருக்கும் இணைப்பு எங்கே போகிறது? மூன்றாவது, காட்டும் வாட்ச் சொந்தமா, இரவலா. சொந்த வாட்ச்சின் லாக்கில் மேஜை உரசிய கீறல் இருக்கும். இரவல் வாட்ச்சில் பிளாஸ்டிக் ஒட்டியைக்கூட எடுத்திருக்க மாட்டார்கள். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே விதி போட்டிருக்கிறது. குறிப்பு இல்லை என்பதற்காகப் பணம் வாங்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

"இது கிடைக்கவே கிடைக்காது, வருஷத்துக்கு இத்தனைதான் செய்கிறார்கள்" என்ற பேச்சையும் அப்படியே விழுங்க வேண்டாம். ரோலெக்ஸ் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் அறக்கட்டளையின் சொத்து, பங்குச்சந்தையில் இல்லை, மாடல்வாரியாக உற்பத்தி எண்ணிக்கையை வெளியிடுவதும் இல்லை.

கேட்கும் விலையை விற்ற விலை என்று எடுத்துக்கொள்வது

விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. கைமாறிய தொகை வேறு. 2022 தொடக்கத்தில் பழைய வாட்ச் சந்தை உச்சத்தில் இருந்தபோது "இனி இறங்காது" என்று வீடியோ போட்டவர்களை நம்பிக் கடன் வாங்கி வாங்கியவர்கள், அந்த வருஷமே விலை சரிவதைப் பார்த்தார்கள். ஏலத்தில் முடிந்த விலைகள் பொதுவில் கிடைக்கும். அதே மாடல் எண், அதே டயல், பெட்டி-காகிதம் உண்டா இல்லையா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பச்சைப் பெட்டியும் கேரண்டிக் காகிதமும் வீட்டில் எங்கேயாவது ஊக்கு டப்பாவாகக் கிடந்தால் இன்றே எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப்பக்கம் அதிகம் நடப்பது: தங்கக் கடையில் எடைக்குப் போடுவது. பெஸல், சாவி, செயினின் நடு மணிகள் மூன்றும் 18 காரட், அதாவது 750. முலாம் பூசியது கிடையாது, 916-உம் கிடையாது. கடைக்காரர் எஃகைக் கழித்து, உருக்கிய தங்கத்துக்கு மட்டும் பணம் தருவார். ஓடுகிற வாட்ச்சை இப்படிக் கொடுப்பது தென்னையை விறகு விலைக்கு விற்பது போல.

பாலிஷ்

இதுதான் மிகப் பெரிய சேதம். "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன் அண்ணாச்சி" என்ற ஒரு வார்த்தையில் நடந்துவிடும். பாலிஷ் என்றால் கீறலை அழிப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள எஃகு முழுவதையும் தேய்த்து எடுப்பது அது.

1988 முதல் வந்த, 16233 என்ற மாடல் எண் கொண்ட டேட்ஜஸ்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். செயினைப் பிடிக்கும் நான்கு கொம்புகளுக்கும் லக் என்று பெயர். லக்கின் மேல்பக்கம் மெல்லிய கோடுகளோடு மங்கலாகவும், பக்கவாட்டு முகம் கண்ணாடி போலவும் இருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் விளிம்பு நகத்தில் உணரும்படி கூராக இருக்க வேண்டும். பஃபிங் வீலில் ஒருமுறை வைத்தால் மங்கல் பகுதியும் பளபளக்கும், விளிம்பு சோப்புக்கட்டி போல உருளும். இன்னொரு அடையாளம்: பழைய கேஸ்களில் லக்கின் வெளிப்பக்கம் ஊசித்துளை உண்டு. துளைக்கும் லக்கின் ஓரத்துக்கும் இடையே உள்ள எஃகு நான்கிலும் ஒரே கனமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் பலமுறை தேய்த்த கேஸ். பெஸலின் தங்க வரிகளும் மொண்ணையாகியிருக்கும்.

பளபளப்பு பிடிக்கும் என்று சொல்லும் அதே கூட்டம்தான் இப்போது "பாலிஷ் படாதது" என்றால் கூடுதல் விலை தருகிறது. ஆகவே கீறலைக் கீறலாகவே விடுங்கள். அழுக்கை எடுக்க வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு இரண்டு சொட்டு, மென்மையான பல்துலக்கும் பிரஷ் போதும். செயினைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். கேஸை நனைப்பதாக இருந்தால் முதலில் அழுத்தச் சோதனை செய்து ரப்பர் வளையம் தாங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். நம் கடல்காற்றில் பழைய ரப்பர் இறுகியிருக்கும். உப்பு வியர்வையும் தூசியும் மணிகளுக்கு நடுவே சேர்ந்து அரம் போல அரைப்பதால்தான் ஜுபிலி செயின் தளர்கிறது. வாட்ச்சைப் பக்கவாட்டில் படுக்கைவசமாகப் பிடியுங்கள். செயின் கயிறு போலத் தொங்கினால் தேய்மானம் அதிகம்.

டயலை மாற்றுவது, மறுபடி அடிப்பது

பழைய டயலின் நிறம் மங்கினாலோ புள்ளி விழுந்தாலோ மறுவண்ணம் அடித்துத் தருவார்கள். எழுத்தின் ஓரம் பிசிறும், ரோலெக்ஸ் சின்னமான கிரீடத்தின் விரல்கள் தடிக்கும், விலை அப்போதே விழும். ஒளிப்பூச்சு இருட்டில் எரியாததும் பழுது இல்லை. டயலின் அடியில் 'டி சுவிஸ் டி' வகைக் குறி இருந்தால் அதில் இருப்பது டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 வருஷம், 1980களின் பூச்சு இன்று எரியாமல் இருப்பதுதான் இயல்பு. புதுப் பூச்சு போட்டால்தான் சந்தேகம் வரும்.

இன்னும் வருத்தமானது சின்னம் உள்ள டயல்கள். ஓமான் சுல்தான் காபூஸ் காலத்தில் பரிசாகக் கொடுத்த வாட்ச்களில் கஞ்சர் என்னும் வளைந்த கத்திச் சின்னம் அச்சிட்டிருக்கும். வேறு வளைகுடா நாட்டுச் சின்னங்களும் உண்டு. "பக்கத்து நாட்டு முத்திரை எதுக்கு" என்று அதை எடுத்துவிட்டுச் சாதா டயல் போட்டவர்கள் இருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது அந்தச் சின்னத்தைத்தான். அப்பாவோ சித்தப்பாவோ எந்த அலுவலகத்தில் வேலை செய்தபோது அது கிடைத்தது என்பதற்கான கடிதமோ படமோ இருந்தால் வாட்ச்சோடு சேர்த்து வையுங்கள்.

அளவு

சுருக்கமாகச் சொல்லலாம். 2009-இல் 41 மில்லிமீட்டர் டேட்ஜஸ்ட் வந்தபோது 36 சின்னப்பிள்ளை வாட்ச் ஆனது; இப்போது 36-தான் சரி என்கிறார்கள். ஒரு ஸ்கேலை மணிக்கட்டின் தட்டையான மேல்பகுதியில் வைத்து அளந்துகொள்ளுங்கள். வாட்ச்சின் ஒரு லக் நுனியிலிருந்து எதிர் லக் நுனிவரை உள்ள நீளம் அந்த அளவைத் தாண்டக்கூடாது. கேஸின் குறுக்களவை மட்டும் வைத்து முடிவெடுப்பதால்தான் பலரும் வாங்கி ஒரு வருஷத்தில் மாற்றுகிறார்கள்.

விமான நிலையத்தில்

துபாயில் விலை குறைவு என்று வீடியோ பார்த்து வாங்கி, கையில் கட்டிக்கொண்டு வந்தால் கேட்க மாட்டார்கள் என்று நம்ப வேண்டாம். இலவச வரம்புக்கு மேல் உள்ள மதிப்புக்கு வரி உண்டு. சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, கட்டிய ரசீதை வாட்ச்சின் காகிதங்களோடு வையுங்கள். பின்னால் விற்கும்போது அதுவும் கேட்கப்படும். வீட்டிலிருக்கும் பழைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள், திருவனந்தபுரத்திலோ வேறெங்கோ புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால் திரும்பும்போது வாக்குவாதம் இருக்காது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

போன் ஆப்பில் மைக்கை வைத்து, உள்ளே பேலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சை அளந்து, "ஆம்ப்ளிட்யூட் குறைவு, இயந்திரம் போச்சு" என்று சொல்கிறவர்களிடம், லிஃப்ட் கோணத்தை (இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் கணக்கு எண்) எத்தனையில் வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள். 16233-இல் உள்ள 3135 இயந்திரத்துக்கு அது 52 டிகிரி. வேறு எண்ணை வைத்தால் வரும் ஆம்ப்ளிட்யூட் பொய். முழுச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கிய நிலையிலும் அது மிகக் குறைவாக இருந்தால்தான் கழற்றிச் சுத்தம் செய்ய அவசரம்.

கொடுப்பதற்கு முன் லக், டயல், செயின் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பழைய கேஸ்களில் செயினைக் கழற்றினால் 6 மணிப் பக்கம் லக்குகளுக்கு நடுவே வரிசை எண் தெரியும், 12 மணிப் பக்கம் மாடல் எண், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: கேஸுக்கும் செயினுக்கும் பாலிஷ் வேண்டாம், டயலையும் முள்ளையும் மாற்ற வேண்டாம், எந்தப் பாகம் மாற்றினாலும் முன்கூட்டியே போனில் கேட்க வேண்டும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். இதில் எதற்காவது கடைக்காரர் தயங்கினால் வாட்ச்சை அங்கே விடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.