ஜெய்சல்மேர் போகிறீர்களா? சூரியன் மறைந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள்

ராஜஸ்தானின் பாலைவன நகரமான ஜெய்சல்மேர் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு மாலையைத்தான் மணல்மேடுகளுக்கு ஒதுக்குகிறார்கள். அதையும் ஜீப், ஒட்டகம், செல்ஃபி, டிஜே, பஃபே என்று நெருக்கி அடைத்துவிட்டு, "மணல்தானே, பார்த்தாச்சு" என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெரிய தவறு, சூரியன் மறைந்த கையோடு கிளம்புவது. டிசம்பரில் அங்கே ஆறு மணிக்குச் சற்று முன்னால் சூரியன் இறங்கிவிடும், கூட்டமும் கலைந்துவிடும். ஆனால் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை போன பிறகுதான் முழு இருட்டு, அதற்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில்தான் மணலின் நிறம் மாறும், மேற்கே வெளிச்சம் வடியும், கிழக்கே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் திருவாதிரை நட்சத்திரமும் சிவப்பாக மேலே வரும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. பௌர்ணமியில் மணல் அழகுதான், ஆனால் நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். படங்களில் வரும் பால்வெளியின் பிரகாசமான நடுப்பகுதி டிசம்பர் இரவில் தெரியாது, அதை எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு போவது அடுத்த தவறு. காற்றில் ஈரம் குறைவு, மேகமும் இல்லை, அதனால் மணல் பகலில் வாங்கிய சூட்டை மளமளவென்று வானத்துக்கு விட்டுவிடும். மதியம் வெயில் சுட்ட இடத்தில் ஜனவரி இரவில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். ஸ்வெட்டர், குல்லாய், காலுறை இல்லாமல் யாராலும் அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.

இடத்தை விசாரிக்காமல் பதிவு செய்யாதீர்கள். நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சம் மணல்மேடுகளில்தான் கூட்டமும் ஒலிபெருக்கியும் அதிகம். தென்மேற்கே இருக்கும் குரி கிராமப் பக்கம் அமைதி கூடுதல். எங்கே தங்கினாலும் "ராத்திரி பாட்டு எப்படி, நேரடியா, ஸ்பீக்கரா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். சத்தத்துக்கும் குப்பைக்கும் இன்னொரு விலையும் உண்டு. பக்கத்திலேயே பாலைவனத் தேசியப் பூங்கா, இருநூறுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் கானமயில் என்ற பெரிய பறவைக்கு அதுதான் முக்கியப் புகலிடம்.

அப்புறம், அங்கே பாட வரும் மாங்கணியார் கலைஞர்களிடம் சினிமாப் பாட்டு பாடச் சொல்வது இன்னொரு தவறு. தலைமுறை தலைமுறையாகப் பாடுகிற முஸ்லிம் குடும்பங்கள் அவர்கள். தங்களை ஆதரிக்கும் ராஜபுத்திர வீடுகளில் குழந்தை பிறந்தால் ஒரு பாட்டு, கல்யாணத்துக்கு ஒரு பாட்டு என்று வைத்திருப்பவர்கள். ஆட்டுத்தோல் போர்த்தி வில்லால் வாசிக்கும் கமைச்சா, நம்மூர் சப்ளாக்கட்டை போலவே இருந்தாலும் சலங்கை இல்லாத கர்த்தால், இரண்டையும் அவர்கள் கையில் கேட்க வேண்டும். ஒருமுறை நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஒரு பெரியவர் கமைச்சாவை உறையில் வைக்காமல் சும்மா இழுத்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பாட்டு ஏதாவது பாடுவீர்களா என்று கேட்டேன். மணமகளை வழியனுப்பும் பாட்டு என்று சொல்லிவிட்டு, மைக் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரு வரியும் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் அந்தப் பயணத்தில் அழுதது அங்கேதான். அட்டவணையில் இல்லாத நேரம் அது. நானும் சாப்பிடப் போயிருந்தால் கேட்டிருக்கவே முடியாது.

பாட்டு பிடித்திருந்தால் பணத்தை நேராகக் கலைஞர் கையில் கொடுங்கள். மணல்மேட்டில் சிக்னலை நம்பி யுபிஐ மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள், நூறு இருநூறு ரூபாய் நோட்டுகளை நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.