துளி வண்டி: வீட்டிலேயே ஒரு டியர்டிராப் கேம்பர் கட்டி வண்ணம் பூசும் முறை

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சிறிய கார்களின் பின்னால், முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்து, படுத்திருக்கும் நீர்த்துளியைப் போலத் தோன்றும் குட்டி டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதற்கு டியர்டிராப் என்று பெயர். கண்ணீர்த்துளி என்று தமிழாக்கினால் புது வண்டிக்கு அபசகுனமாக ஒலிக்கும் என்பதால், இக்கட்டுரையில் துளி வண்டி என்றே எழுதுகிறேன். 1930களில் தோன்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய இந்த வண்டியைப் பலர் கடையில் வாங்கவில்லை. மாத இதழ்களில் வந்த வரைபடங்களைப் பார்த்துத் தங்கள் காரேஜிலேயே கட்டிக்கொண்டார்கள். உள்ளே இருவர் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது. பின்புற மூடியைத் தூக்கினால் அடுப்படி. அவ்வளவுதான் வண்டி.

இதைக் கெடுப்பது பாரமோ வேகமோ அல்ல, தண்ணீர். நான் கட்டிய முதல் வண்டி இரண்டு குளிர்காலம் தாண்டியதும், பின்புறக் கீழ் மூலையில் விரல் நகத்தை வைத்து அழுத்தினேன். ஊறிய ரொட்டியில் இறங்குவதைப் போல நகம் ப்ளைவுட்டுக்குள் இறங்கியது. எண் பலகை விளக்குக்காகக் கடைசி நாளில் அவசரமாகத் துளைத்த ஒரேயொரு திருகாணித் துளையை அடைக்காமல் விட்டிருந்தேன். வெளியே வண்ணம் பளபளவென்றுதான் இருந்தது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையையும், தண்ணீர் எங்கே நுழையும் என்ற கேள்வியோடு சேர்த்தே படியுங்கள்.

அடிச்சட்டமும் அளவும்

ப்ளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் விற்கப்படுவதால், முதன்முறை கட்டுபவர்கள் வண்டியையும் 4 அடி அகலம், 8 அடி நீளம், 4 அடி உயரம் என்று வைத்துக்கொள்வது வீண்செலவைக் குறைக்கும். 5 அடி அகலம் வைத்தால் 60 அங்குல அகலமுள்ள குவீன் மெத்தையைப் போடும் அளவுக்கு இடம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் கூரையிலும் தரையிலும் பலகையை ஒட்டுப்போட வேண்டியிருக்கும், ஒவ்வொரு ஒட்டும் தண்ணீருக்கு ஒரு வாசல்.

வெல்டிங் தெரியாதவர்கள் போல்ட் போட்டுப் பூட்டும் 4×8 டிரெய்லர் கிட் ஒன்றை வாங்குவதே நல்லது. அதைப் பூட்டும்போது மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் போல்ட்டுகளை இறுக்குங்கள். சக்கர பேரிங்கில் தொழிற்சாலையில் வைத்த கிரீஸை நம்பாமல், கழற்றிப் பார்த்து நல்ல கிரீஸை அடைத்து மாட்டுவது ஒரு மணி நேர வேலை. நடுவழியில் சக்கரம் புகைவதைவிட அது மேல்.

எடைப் பங்கீட்டில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை காரின் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். துளி வண்டியில் அடுப்படி பின்னால் இருப்பதால் பாத்திரம், தண்ணீர், அடுப்பு எல்லாம் சக்கர அச்சுக்குப் பின்னால் ஏறி, முன்பாரத்தைக் குறைத்துவிடும். பேட்டரியையும் கருவிப் பெட்டியையும் காரை நோக்கி நீளும் முன்பக்க நாக்குச் சட்டத்தின் மேல் பொருத்தினால் கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும்.

தரைப் பலகையை அடிச்சட்டத்தில் பூட்டுவதற்கு முன் அதன் அடிப்பக்கத்தையும் நான்கு விளிம்புகளையும் முழுமையாக அடைத்துவிட வேண்டும். பிறகு அங்கே கை போகாது. இங்குள்ள வண்டி கட்டுபவர்கள் எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷை மினரல் ஸ்பிரிட்ஸ் என்னும் பெயின்ட் கரைப்பான் கலந்து, முதல் பூச்சைத் தண்ணீர் போலவும் அடுத்தடுத்ததைக் கெட்டியாகவும் பூசுவார்கள். நீர்த்த முதல் பூச்சை மரம் உறிஞ்சிக்கொள்ளும். ப்ளைவுட்டின் முகப்பைவிட வெட்டிய விளிம்புதான் தண்ணீரைக் குடிக்கும் என்பதால், விளிம்புக்கு இன்னும் இரண்டு பூச்சு கொடுங்கள். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்த பிறகே போட வேண்டும்.

பக்கச் சுவரும் கூரையும்

பக்கச் சுவரின் வளைவுதான் வண்டியின் முகம். முதலில் கால் அங்குல ஹார்ட்போர்டில் முழு அளவு அச்சு ஒன்றை வரைந்து வெட்டுங்கள். மெல்லிய மரச் சட்டம் ஒன்றை ஆணிகளுக்கு நடுவே வளைத்து நிறுத்தினால், கையால் வரையும் கோட்டைவிட ஒழுங்கான வளைவு தானாகவே வந்துவிடும். அச்சின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். பிறகு முக்கால் அங்குல ப்ளைவுட்டில் அதை வரைந்து, கோட்டுக்குச் சற்று வெளியே ஜிக்சாவால் வெட்டி, அச்சைக் கிளாம்பால் பிடித்து, ரவுட்டர் என்னும் மரம் செதுக்கும் கருவியில் பேரிங் வைத்த பிட்டை மாட்டி ஓரத்தைச் சமன் செய்ய வேண்டும். இரண்டாவது சுவரையும் அதே அச்சிலிருந்தே எடுங்கள். முதல் சுவரைப் பார்த்து இரண்டாவதை வெட்டினால், முதலாவதில் உள்ள பிழையோடு புதுப் பிழை ஒன்றும் சேரும்.

கதவுக்கு வெட்டி எடுக்கும் துண்டே கதவாகப் பயன்படும். அதனால் ரம்பத்தை நுழைக்கும் முதல் வெட்டைப் பெரிய துளையாகப் போடாமல், மெல்லிய பிளேடால் கோட்டின் மேலேயே பொறுமையாக இறக்குங்கள். மூலைகளை உருட்டி வெட்டினால் மரம் அங்கே பிளக்காது, ரப்பர் பட்டையும் மடங்காமல் சுற்றி வரும்.

இரு சுவர்களையும் நிறுத்தி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலச் சட்டங்களைக் குறுக்கே பூட்டுங்கள். சமதளமான இடத்தில் ஓர் அடிக்கு ஒன்று, வளைவில் அரை அடிக்கு ஒன்று என்பது என் கணக்கு. விளக்கு ஒயர்களை இப்போதே இழுத்துவிட வேண்டும். நான்கு ஒயர் இணைப்பில் வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடப்பக்க திரும்பு விளக்கும் பிரேக்கும், பச்சை வலப்பக்கம். வெள்ளை ஒயர் சட்டத்தில் துரு நீக்கிய வெறும் உலோகத்தைத் தொட வேண்டும், மங்கி எரியும் விளக்குகளுக்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. சட்டங்களுக்கு இடையில் ஃபோம் பலகையை வெட்டி அடைத்தால் வெயிலும் குளிரும் குறையும். கூரையில் 14 அங்குலச் சதுரக் காற்று மூடிக்கு இடம் விட மறக்காதீர்கள். இருவர் இரவெல்லாம் மூச்சுவிட்ட ஈரம் விடியலில் கூரையில் முத்து முத்தாகத் தொங்கும். உள்ளிருந்து வரும் தண்ணீரும் தண்ணீர்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை உள்ளே மாட்டுங்கள், அடுப்பை ஒருபோதும் உள்ளே பற்றவைக்காதீர்கள்.

கூரைக்கு எட்டில் ஒரு பங்கு அங்குல ப்ளைவுட் போதும். இரண்டு அடுக்காக ஒட்டலாம். பலகை முகப்பின் மர இழை வண்டியின் அகலவாக்கில் ஓடும்படி வைத்தால் பலகை எளிதாக வளையும். நீளவாக்கில் ஓடினால் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் பலகையை ஈரத் துணியால் நனைத்து, ராட்செட் பட்டைகளால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, நன்றாக உலர்ந்த பிறகு பசை வைத்துத் திருகுங்கள். இரண்டு பலகைகள் சேரும் கோடு ஒரு சட்டத்தின் நடுவில் விழ வேண்டும்.

பின்புற மூடியின் மேல் கீல் இவ்வண்டியின் பலவீனமான இடம். மூடியின் முழு அகலத்துக்கும் ஓடும் சாதாரணப் பியானோ கீல் ஒழுகும். ஒரு பட்டை மற்றொன்றுக்குள் உருண்டு நுழைந்து தண்ணீரை வெளியே தள்ளும் அலுமினியக் கீல்களை இங்கே ஹரிக்கேன் கீல் என்பார்கள்; அதற்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

வண்ணம்

மரத்தின் மேல் நேராக வண்ணம் பூசினால் ஒட்டுக்கோடுகள் முதல் கோடையிலேயே மயிர்க்கோடாக வெடிக்கும், ஏனெனில் மரம் சுருங்கி விரியும் அளவுக்கு வண்ணம் விரியாது. வண்ணத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தோல் வேண்டும். செலவு குறைந்த வழியை இங்குள்ளவர்கள் வேடிக்கையாக ஏழையின் ஃபைபர்கிளாஸ் என்கிறார்கள்: பருத்திக் கேன்வாஸ் துணியை நீர் தாங்கும் மரப்பசையால் கூரை முழுவதும் ஒட்டி, மேலே பசையைத் தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்ததும் வெளிச்சுவர் லேட்டக்ஸ் பெயின்ட்டைப் பல பூச்சு கொடுப்பது. கெடுதல் இல்லை. ஆனால் துணியின் நெசவு கடைசிவரை தெரியும். வழவழப்பான கார் போன்ற முகம் வேண்டுமென்றால், ஹார்ட்னர் என்னும் இறுக்கும் திரவத்தைக் கலந்து பூசும் எபாக்சிப் பிசினும் கண்ணாடியிழைத் துணியும்தான்.

முதலில் எபாக்சியை மட்டும் ஒரு பூச்சு பூசி, மரம் குடித்து முடித்ததும், 6 அவுன்ஸ் (ஒரு சதுர கஜத்தின் எடை) கண்ணாடியிழைத் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே ஊற்றி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். நனைந்த துணி கண்ணாடிபோல மறைந்துவிடும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் காற்று நிற்கிறது. எபாக்சியில் கலவை விகிதம் மாறக் கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூடுதலாக விட்டால், அது என்றைக்கும் இறுகாத பிசுக்காகவே நிற்கும். கலந்ததை ஆழமான டப்பாவில் வைத்திருந்தால் சூடேறிப் புகையும், அகலத் தட்டில் ஊற்றினால் வேலைக்கு நேரம் கிடைக்கும். நைட்ரைல் கையுறை கட்டாயம்.

இறுகிய எபாக்சியின் மேல், கழுவாத எண்ணெய்ச் சட்டியைப் போல ஒரு வழுக்கல் படியலாம். அதை வெதுவெதுப்பான தண்ணீரும் பச்சை நிறத் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவிய பின்னரே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கை உள்ளே அழுத்துவதுதான் நடக்கும், வண்ணம் பிறகு தோலாக உரியும். 80ஆம் எண் தாளில் தொடங்கி 120க்கு வந்து, பள்ளங்களில் பட்டி பார்த்து, பிரைமர் பூசி, 220இல் முடியுங்கள். எபாக்சியை வெயில் சில மாதங்களில் மஞ்சளாக்கிப் பொடிக்கும். வண்ணம் அழகுக்காக மட்டும் இல்லை என்பது இதனால்தான்.

வண்ணத்துக்குப் படகுகளின் மேற்பகுதியில் பூசும் எனாமலை, அதிலும் ஹார்ட்னர் கலக்கத் தேவையில்லாமல் ஒரே டப்பாவில் வருவதைச் சிபாரிசு செய்வேன். ஸ்ப்ரே தேவையில்லை. ஒருவர் அடர்ந்த ஃபோம் ரோலரால் இரண்டடி அகலத்தில் மெல்லியதாக உருட்ட, மற்றொருவர் உடனே பின்தொடர்ந்து நல்ல தூரிகையின் நுனியை மட்டும் ஒரே திசையில் தொட்டு இழுத்துக்கொண்டே போக வேண்டும். குமிழ்கள் உடைந்து, வண்ணம் தானாகப் படிந்து சமமாகும். ஈரமான ஓரத்தை விட்டு விலகக் கூடாது, தாண்டிய இடத்துக்குத் திரும்பவும் கூடாது. ஒரு கொசு வந்து ஒட்டினாலும் விட்டுவிடுங்கள், காய்ந்த பின் தேய்த்துக்கொள்ளலாம். தூரிகை இழுபட்டால் டப்பாவில் சொன்ன தின்னரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். 320இல் இடையிடையே தேய்த்து, மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடித்த பூச்சு திரைச்சீலைபோல வழியும்.

நேரமும் முக்கியம். ஓர் அக்டோபர் மாலை, வெளிச்சம் இருக்கிறதே என்று ஐந்து மணிவரை பூசினேன். இரவில் பனி இறங்கியது. காலையில் கூரை முழுவதும் பால் கொட்டித் துடைத்தாற்போல மங்கிக் கிடந்தது. மறுபடி தேய்த்து மறுபடி பூசினேன். காலைப் பனி உலர்ந்ததும் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் தூரிகையைக் கழுவிவிடுங்கள்.

கூரைக்கு வெளிர் நிறமே நல்லது, கரும் நிறம் வெயிலில் சூடேறி அடியிலுள்ள ஒட்டுக்கோடுகளை வெளியே காட்டிக்கொடுக்கும். இரண்டு நிறம் பூச விரும்பினால், மறைப்பு டேப்பை ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே மெல்லத் தடவிக் காயவிடுங்கள். கசிவது அடிநிறமாகவே இருப்பதால், மேல்நிறத்தின் கோடு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். இந்தக் கட்டம் முடியும்வரை ஓட்டை அடைக்கும் சிலிக்கோன் பசைக் குழாயைக் காரேஜுக்குள் கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் மீன்கண்போலப் பிரியும்.

பூட்டுவதும் சோதிப்பதும்

ஜன்னல் கண்ணாடி, கதவுக் கீல், விளக்கு எல்லாம் வண்ணம் நன்கு இறுகிய பின்பே ஏற வேண்டும். ஒவ்வொரு திருகாணித் துளையையும் தேவைக்குமேல் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, அது இறுகியதும் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். திருகாணி அப்போது மரத்தைத் தொடாது. ஜன்னல் சட்டங்களுக்கு அடியில், இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் பியூட்டில் டேப்பை வைத்து, ஒரே நாளில் முழுக்க இறுக்காமல், பிதுங்கி வருவதை வெட்டிவிட்டு மறுநாள் மீண்டும் இறுக்குங்கள்.

வண்டியை முழுச் சாமான்களோடு லாரி நிறுத்தங்களிலுள்ள எடை மேடையில் ஏற்றி, மொத்த எடை உங்கள் காரின் கையேடு சொல்லும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பாரத்தைக் குளியலறை எடைக்கருவியிலேயே அளக்கலாம். வீட்டில் கட்டிய டிரெய்லரைப் பதிவுசெய்யும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், பொருள் வாங்கிய ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

முதல் பயணத்துக்கு முன், உள்ளே எல்லா ஒட்டுக்கோடுகளின் அடியிலும் செய்தித்தாளை டேப்பால் ஒட்டிவிட்டு, வெளியிலிருந்து தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக, ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடமாவது தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எது ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. தாளில் ஈரக்கறை தெரிந்தால் அதற்கு நேர் வெளியே ஓட்டையைத் தேட வேண்டாம். தண்ணீர் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் நடந்து வந்த பிறகுதான் சொட்டும். கறையிலிருந்து மேல்நோக்கி, அடுத்த திருகாணிவரை போய்ப் பாருங்கள்.