ஏணி மேல் மின்வேலை: ஏறும் முன் செய்ய வேண்டியவை

ஏணியில் நின்று வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு ஷாக் அடிப்பதும் கீழே விழுவதும் தனித்தனி ஆபத்துகள் அல்ல. தரையில் நிற்பவர் கையை உதறிவிட்டுப் போகும் அளவுக்குச் சிறிய ஷாக்கே, பத்தடி உயரத்தில் நிற்பவரைத் திடுக்கிட வைத்துப் பிடி நழுவச் செய்துவிடும். எனவே, எவ்வளவு சிறிய வேலையாக இருந்தாலும் மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஏற வேண்டும்.

சீலிங் ஃபேன் மாட்டுவதற்குச் சுவர் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சில பழைய வயரிங்குகளில் சுவிட்ச் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கும். அங்கே ஃபேன் நின்ற பிறகும் அதன் முனையில் 230 வோல்ட் இருக்கும். அந்த சர்க்யூட்டின் எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள தானியங்கி பாதுகாப்பு சுவிட்சை) அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பெட்டியைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபியூஸ் என்றால் அதன் கேரியரை (ஃபியூஸ் கம்பி கட்டிய பிடியை) கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் தானாகவே மின்சாரம் கொடுக்கத் தொடங்கும் என்பதால், அதன் வெளியீட்டையும் தனியே நிறுத்த வேண்டும். வீட்டு வேலைகளில் எளிதில் மறந்துபோவது இதுதான்.

நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது உடல் வழியாகச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிவதால், காய்ந்த மர ஏணியில் நிற்கும்போது லைன் இருந்தும் மங்கலாகவே தெரியக்கூடும். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் சோதித்து, பிறகு வேலை செய்யும் முனையில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் ஆகியவற்றை இரண்டிரண்டாக அளந்து, கடைசியாக மறுபடியும் அதே பிளக்கில் சரிபார்க்க வேண்டும்.

மின்கசிவைக் கண்டறிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்ற துணிச்சலும் வேண்டாம். மின்கசிவு பூமிக்குச் சென்றால்தான் அது தானாக அணையும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அது உங்களை ஒரு சாதாரண பல்பாகவே கருதும்.

அலுமினிய ஏணியை மின்வேலைக்கு எடுக்கவே கூடாது. ஃபைபர்கிளாஸ் ஏணியே நல்லது. மூங்கில் ஏணி நனைந்திருந்தால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். சாய்வு ஏணி சுவரில் 12 அடி உயரத்தில் தொட்டால், அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். மடக்கு ஏணியை முழுவதுமாக விரித்து நிறுத்துங்கள். உச்சிப் படியில் நிற்காதீர்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்துக் கை ஒட்டிக்கொண்டால், அவரைத் தொடாமல் மெயினை அணையுங்கள். அப்போது அவர் விழக்கூடும் என்பதால் ஏணிக்கு நேர்கீழே நிற்க வேண்டாம். விழுந்தவருக்கு மூச்சு இருந்தால், கழுத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், 108-க்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும்.