மாடியில கிடக்குற பிளாஸ்டிக் சேரை கழுவுறது எப்படி, ரொம்ப நாள் வெச்சுக்கிறது எப்படி

மொட்டை மாடியிலயோ வாசல்லயோ போட்டு வெச்சிருக்க பிளாஸ்டிக் சேர் மங்கிப் போச்சுன்னா நம்ம ஆளுங்க உடனே ஸ்டீல் நாரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்துடுவாங்க. ஈரமா இருக்கற வரைக்கும் பளிச்னுதான் இருக்கும், காஞ்சதும் பார்த்தா மேல பூரா மெல்லிசா கீறல், அந்தக் கீறல்குள்ள அடுத்த வாரமே தூசி போய் உட்கார்ந்துக்கும், அப்புறம் என்ன தேய்ச்சாலும் போகாது. அதனால நாரை ஓரமா வெச்சுட்டு முதல்ல சேர்ல இருக்கறது என்னன்னு பாருங்க. எல்லாமே அழுக்கு கிடையாது.

ஸ்டெப் 1: விரலால தேய்ச்சுப் பாருங்க

காஞ்ச சேர் மேல விரலை வெச்சு ஒரு இழுப்பு இழுங்க. சாம்பல் கலர்ல ஒட்டுச்சுன்னா வெறும் தூசி. பச்சையாவோ கருப்பாவோ வழுவழுன்னு இருந்தா மழையில பிடிச்ச பாசி. வட்ட வட்டமா, சொட்டு காஞ்ச மாதிரி வெள்ளைத் தடம் இருந்தா அது போர் தண்ணி உப்பு. விரல்ல சாக்பீஸ் தொட்ட மாதிரி வெள்ளைப் பவுடர் ஒட்டுதா, அப்ப சேரை அப்படியே கவுத்து அடிப்பக்கத்தைப் பாருங்க. அடியில கலர் புதுசு மாதிரி இருந்து, மேல மட்டும் வெளுத்திருந்தா அது அழுக்கே இல்ல, வெயில் தின்ன பிளாஸ்டிக்.

இந்த சேருங்க பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன்ல செஞ்சது, சில கம்பெனி சேருக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 5-ன்னு நம்பர் இருக்கும், அதுதான் அடையாளம். வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் இந்த பிளாஸ்டிக்கோட நீளமான மூலக்கூறு சங்கிலியை கொஞ்சம் கொஞ்சமா அறுத்துடும், மேல் தோல் பொடியா உதிரும், உள்ள கலந்திருக்க வெள்ளை நிறமியும் சுண்ணாம்புப் பவுடரும் வெளியில தெரிய ஆரம்பிச்சுடும். அதைத் தேய்க்க தேய்க்க அடுத்த தோலைத்தான் வெயிலுக்கு எடுத்துக் குடுக்கறீங்க.

ஸ்டெப் 2: சாதாரணக் கழுவல்

பாதி சேருக்கு இதுவே போதும். காலையிலயோ சாயந்திரமோ நிழல்ல வெச்சு செய்யுங்க, உச்சி வெயில்ல சோப்புத் தண்ணி ஊத்தினா துடைக்கறதுக்குள்ள காஞ்சு அதுவே தனிக் கறையா நிக்கும். முதல்ல வெறும் தண்ணிய வேகமா அடிச்சு மண்ணை இறக்கிடுங்க, ஏன்னா மண்ணோட தேய்ச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். அப்புறம் அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விட், மெத்துன்னு ஒரு ஸ்பான்ஜ். முதுகுப்பக்க ஓட்டை, கைப்பிடி ஓரம், சீட்டுக்கு அடியில இருக்கற பட்டை இதுக்கெல்லாம் பழைய டூத் பிரஷ்தான் சரி. அடியில கை விடறதுக்கு முன்னாடி கண்டிப்பா கவுத்துப் பாத்துக்கோங்க, குளவி கூடு கட்ட ரொம்பப் பிடிச்ச இடம் அது. கழுவினதும் துணியால துடைச்சுடணும், தானா காயட்டும்னு விட்டா போர் தண்ணி மறுபடி புள்ளி வெச்சுடும்.

ஸ்டெப் 3: போகாத கறைக்கு

உப்புக்கறைக்கு வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, துணிய அதுல நனைச்சு கறை மேல ஒரு பத்து நிமிஷம் போர்த்தி விடுங்க. வெறுமனே தெளிச்சா ஓடிப் போயிடும், வேலை செய்யாது. வினிகர் இல்லன்னா எலுமிச்சம்பழத் தோலை வெச்சுத் தேய்ச்சாலும் சரிதான், என்ன, நேரம் ஆகும்.

பாசிக்கு துணி வெளுக்கற பிளீச், ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி, பிரஷ்ல தடவி அஞ்சு நிமிஷம் விட்டு நல்லா அலசிடுங்க. கையுறை போட்டுக்கோங்க, பழைய டிரஸ்ல செய்யுங்க, இல்லன்னா துணியிலதான் வெள்ளை வெள்ளையா விழும். இங்க ஒரு விஷயத்தை மட்டும் மறந்துடாதீங்க: பிளீச்சையும் வினிகரையும் ஒண்ணாக் கலக்கவே கூடாது, பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன், கலந்தா குளோரின் வாயு வரும், நெஞ்சை அடைக்கும். ரெண்டு கறையும் ஒரே சேர்ல இருந்தா ஒண்ணை முடிச்சு, தண்ணி விட்டு நல்லா அலசி, அடுத்ததை இன்னொரு நாள் வெச்சுக்கோங்க.

சாம்பார், மஞ்சள் கறைக்கு ரொம்ப மெனக்கெட வேணாம். சோப்பு போட்டுக் கழுவி அந்தப் பக்கம் வெயில் படற மாதிரி வைங்க, மஞ்சள் நிறம் வெளிச்சத்துல தானா வெளுத்துடும். வெயிலால சேருக்குக் கிடைக்கிற ஒரே நல்லது இதுதான். புள்ளைங்க பேனாவால கிறுக்கினா சானிடைசர், ஸ்டிக்கர் பிசினுக்கு தேங்காய் எண்ணெய், காக்கா எச்சத்துக்கு ஈரத்துணிய போட்டு ஊற விட்டுத் துடைக்கணும். காஞ்சதை சுரண்டினா தடம் விழும்.

பாத்ரூம் ஆசிட், தின்னர், பாத்திரம் தேய்க்கிற பவுடர் எதுவும் வேணாம்.

ஸ்டெப் 4: வெளுத்த சேரை என்ன பண்றது

வெளுத்த கலரைத் திரும்பக் கொண்டு வர முடியாது. ஈரத்துணியால ரெண்டு மூணு தடவை துடைச்சு அந்தப் பவுடரை மட்டும் எடுத்துடுங்க, இல்லன்னா உட்கார்ந்து எந்திரிக்கிறவங்க வேட்டி, புடவை பின்னாடி பூரா வெள்ளையா ஒட்டும். தேங்காய் எண்ணெய் தடவினா புதுசு மாதிரி ஆகும்னு சொல்றாங்க, ஆகும், கொஞ்ச நாளைக்கு, அதுக்குள்ள ஊர்த் தூசி எல்லாம் அதுல ஒட்டி துணியிலயும் எண்ணெய்க் கறை ஆயிடும். கார் டேஷ்போர்டு பாலிஷ் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சீட்டுல போடாதீங்க, வழுக்கும், வயசானவங்க உட்காரும்போது ஆபத்து. முதுகுக்குப் பின்பக்கம், கால் இதுக்கெல்லாம் போட்டுக்கலாம். பெயிண்ட் அடிக்கணும்னா பிளாஸ்டிக் பிரைமர் இல்லாம அடிக்கவே அடிக்காதீங்க, பாலிபுரோப்பிலீன் மேல எதுவும் லேசுல ஒட்டாது, நகத்தால கீறினாலே உரிஞ்சு வரும். பிரைமர் போட்டாலும் கைப்பிடியில சீக்கிரம் தேஞ்சுடும், அவ்வளவு செலவுக்கு புது சேரே பாத்துக்கலாம்னு நான் சொல்லுவேன்.

ஸ்டெப் 5: உடையுமா உடையாதான்னு பாருங்க

அழகைவிட இதுதான் முக்கியம். வெயில்ல கிடந்த சேர் வளையாது, படக்குன்னு முறியும். கவுத்து வெச்சு கால் சீட்டோட சேர்ற இடம், முதுகு வளையற இடம், கைப்பிடி மூலை மூணையும் வெளிச்சத்துல பாருங்க. ஒவ்வொரு காலையும் பிடிச்சு லேசா வெளிப்பக்கம் அழுத்துங்க. மயிர் மாதிரி கோடு வாய் திறந்தாலோ, கிரீச்னு சத்தம் வந்தாலோ, அந்த சேர்ல இனிமே ஆள் உட்காரக் கூடாது. ஃபெவிக்விக், எம்சீல் எல்லாம் இந்த பிளாஸ்டிக்ல நிக்காது. செடித்தொட்டி வைக்க ஸ்டாண்டா வெச்சுக்கோங்க, இல்லன்னா காயலான் கடைக்குப் போட்டுடுங்க. நல்ல சேரா இருந்தாலும் ஈர டைல்ஸ் மேல போட்டு உட்காராதீங்க, கால் நாலும் வழுக்கி விரிஞ்சு அப்படியே உட்கார்ந்துடும்.

பராமரிப்புன்னு தனியா பெருசா ஒண்ணும் இல்ல, நிழல்தான். உபயோகிக்காத நேரம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி சன்ஷேடு அடியிலயோ மாடிப்படி கீழயோ வெச்சுடுங்க, இடம் இல்லன்னா அடுக்கி தார்ப்பாய் போட்டு மூடுங்க. ஈரத்தோட அடுக்கினா ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிட்டு வராது, இடையில பாசியும் பிடிக்கும். மழைக்காலத்துல வெளியிலதான் கிடக்கணும்னா சேரை முன்பக்கமா சாய்ச்சு சுவத்துல சாத்தி வைங்க, சீட்டு குழியில தண்ணி தேங்கினா ஒரு வாரம் பத்து நாள்ல டெங்கு கொசு அதுலயே பொரிஞ்சு பறந்துடும்.