சீன, ஜப்பானியக் காப்புரிமைகளைத் தேடுவது எப்படி? ஒரு பிரஷர் குக்கரை வைத்துப் பார்ப்போம்

பிரஷர் குக்கருக்குப் புதிதாக ஒரு சேஃப்டி வால்வு வடிவமைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது புதியதுதானா என்று அறிய இந்தியக் காப்புரிமைகளை மட்டும் துழாவினால் போதாது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, அதே விஷயம் எந்த நாட்டில், எந்த மொழியில் முன்பே அச்சாகியிருந்தாலும் உங்களுடையது புதியதாகாது.

1. சொல்லை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

‘பிரஷர் குக்கர்’ என்பதை மொழிபெயர்த்துத் தேடுவதுதான் புதியவர்கள் முதலில் செய்யும் தவறு. ஜெர்மன்காரர்கள் அதை ‘ஷ்னெல்கோக்டாப்ஃப்’ என்கிறார்கள். வேகமாகச் சமைக்கும் பானை என்று பொருள். அதில் அழுத்தம் என்ற பேச்சே இல்லை. சீனத்தில் ‘காவ்யாகுவோ’, ‘யாலிகுவோ’ என இரண்டு பெயர்கள்.

காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்க உலகெங்கும் பயன்படும் வகைப்பாட்டு எண்ணுக்கு மொழி கிடையாது. பிரஷர் குக்கருக்கு ஏ47ஜே 27/08, அதன் பாதுகாப்பு அமைப்புகளுக்கு ஏ47ஜே 27/09. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தளமான எஸ்பாஸ்நெட்டில் இந்த எண்ணைப் போட்டு, சீனா, ஜப்பான், கொரியா, ஜெர்மனி என்று நாடுவாரியாக வடிகட்டுங்கள். முதலில் படங்களை மட்டும் புரட்டுங்கள். வால்வின் குறுக்குவெட்டுப் படத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

2. பிறகு சொற்கள்

உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் பேடண்ட்ஸ்கோப் தளத்தில் பன்மொழித் தேடல் வசதி உண்டு. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் இணைச்சொற்களையும் பிறமொழிச் சொற்களையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். தானியங்கி முறையை விட்டுவிட்டு, துறையையும் இணைச்சொற்களையும் நீங்களே தேர்ந்தெடுக்கும் முறையில் வையுங்கள். இல்லையென்றால் குழாய் வால்வு, இதய வால்வு எல்லாம் வந்து குவியும்.

3. மொழிபெயர்க்கும் முன் குடும்பத்தைப் பாருங்கள்

ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் விண்ணப்பித்திருந்தால் அவை ஒரு ‘காப்புரிமைக் குடும்பம்’. அதில் அமெரிக்க ஆவணம் இருந்தால் ஆங்கிலத்திலேயே படித்துவிடலாம். ஆனால் உரிமைகோரல்கள், அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வரிகள், நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை அந்தந்த நாட்டு ஆவணத்தில்தான் சரிபார்க்க வேண்டும்.

4. இயந்திரம் வழுக்கும் இடங்கள்

எஸ்பாஸ்நெட்டில் ஆவணத்தைத் திறந்து, விளக்கம் அல்லது உரிமைகோரல் பகுதியில் ‘பேடண்ட் டிரான்ஸ்லேட்’டைச் சொடுக்குங்கள். தமிழ் அதில் இல்லை, ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். பழைய ஆவணங்கள் வெறும் ஸ்கேன் படங்களாக இருந்தால் எழுத்துணரி மென்பொருளில் போட்டு உரையை எடுத்த பிறகுதான் மொழிபெயர்க்க முடியும்.

சீனத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ‘தியன் யாலி குவோ’ என்றால் மின்சார பிரஷர் குக்கர். பதம் பிரிக்கையில் ‘தியன்யா’ என்று வெட்டிவிட்டால் அது வோல்ட்டேஜ் ஆகிவிடும். ‘வோல்ட்டேஜ் விசைப் பானை’ என்று விசித்திரமாக ஏதாவது வந்தால் நம் குக்கர்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மனில் ‘முட்டர்’ என்றால் தாயும் உண்டு, போல்ட்டில் மாட்டும் நட்டும் உண்டு.

ஒரே பாகத்தை ஒரு பத்தியில் மூடி என்றும் அடுத்ததில் அடைப்பு என்றும் இயந்திரம் சொல்லும். சொல்லை நம்பாதீர்கள், பக்கத்தில் உள்ள பாக எண்ணைப் படத்தோடு பொருத்துங்கள். 12 எப்போதும் 12தான்.

அளவுகளின் எல்லைகளில்தான் உண்மையான ஆபத்து. ஜப்பானிய ‘இகா’ என்றால் சொன்ன அளவும் அதற்குக் கீழும், ‘மிமான்’ என்றால் அதற்குக் கீழ் மட்டும். மொழிபெயர்ப்பில் இரண்டுமே ‘குறைவாக’ என்று வந்துவிடலாம். இப்படிப்பட்ட வரிகளையும், ‘இல்லை’ என்று வரும் வரிகளையும் தனியே வெட்டி இன்னொரு மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஒப்பிடுங்கள்.

சீனக் காப்புரிமை எண்ணின் முடிவில் ‘யு’ இருந்தால் அது பயன்மாதிரி (யூட்டிலிட்டி மாடல்), அதாவது ஒரு சிறுவகைக் காப்புரிமை. ஆழமான பரிசோதனை இல்லாமலே வழங்கப்படுவது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், உங்கள் புதுமையைக் கெடுக்க அதுவும் போதும். பழைய ஜப்பானிய எண்ணில் ‘எச்10’ என்றிருந்தால் ஹெய்செய் என்ற ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக்காலத்தின் 10-ஆம் ஆண்டு: அதோடு 1988-ஐக் கூட்டினால் 1998.

இன்னும் விண்ணப்பிக்காத உங்கள் சொந்த வால்வின் விவரத்தை மட்டும் இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டாதீர்கள். அந்த உரை எங்கே சேமிக்கப்படுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. தேடலில் மிக நெருங்கிய ஆவணம் ஒன்றிரண்டு சிக்கினால், வால்வைப் பற்றிய பத்திகளையும் உரிமைகோரல்களையும் மட்டும் மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குங்கள். முழு ஆவணத்துக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.