சஸ்பென்ஷன் போல்ட்டை எப்போது முழுசாக இறுக்கலாம்?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கிட் ஸ்போர்ட்ஸ் காரை முதல்முறையாக வீட்டில் கட்டும்போது, சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஸ்டாண்டில் நிற்கையிலேயே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிடத் தோன்றும். ரப்பர் புஷ் (நடுவில் உலோகக் குழாய் உள்ள ரப்பர் உருளை) உள்ள சஸ்பென்ஷன் ஆர்ம், அதாவது சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை, அதன் போல்ட்டுகளை மட்டும் தயவுசெய்து விட்டுவையுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், புஷ்ஷின் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழியும், வண்டியின் உயரமும் சரியாக அமையாது.

முதலில் கையால் இறுக்கினால் போதும். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஏறியபிறகு, சீட்டில் ஆள் எடைக்கு ஏதாவது வைத்து, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டுங்கள். அப்புறம், வண்டி தரையில் நிற்கும்போதே, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

இறுக்கிய கையோடு நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இதை நான் ரொம்பவே வலியுறுத்துவேன். மாதக்கணக்கில் இழுக்கும் வேலையில் எதை இறுக்கினோம், எதை விட்டோம் என்பது நினைவில் நிற்காது. பின்னாளில் நட்டு தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கழற்றிய நைலாக் நட்டை (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு)த் திரும்பப் போடாதீர்கள், புதுசு போடுங்கள்.