பழைய படம் பார்க்க உட்காருமுன்

பழைய படம் இழுவை என்று யாராவது சொன்னால், எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் பார்த்தது முழுப் படமாகவே இருக்காது. பாட்டுகளை வெட்டியிருப்பார்கள், படத்தை அகலவாக்கில் இழுத்திருப்பார்கள், மூலையில் இரண்டு சேனல் முத்திரை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இயக்குநரைக் குறை சொல்வது அநியாயம். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவள். கடை அடைத்த பிறகு, கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளோடு உட்கார்ந்து பழைய படங்களும் ஆவணப்படங்களும் பார்ப்பது வழக்கம். எங்கள் வீட்டில் என்ன செய்கிறோமோ அதை எழுதுகிறேன்.

முதலில் நீளம். படம் தொடங்குமுன் சென்சார் சர்டிபிகேட் ஓடுமே, அதைத் தள்ளிவிடாதீர்கள். நிறுத்திப் படியுங்கள். எத்தனை ரீல், எத்தனை அடி என்று அதில் இருக்கும். பிந்தைய படங்களில் மீட்டர் கணக்கு. 35 மி.மீ. பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் சொன்னால் 27க்குக் கொஞ்சம் மேல். ஆகவே 14,400 அடி என்று போட்டிருந்தால் 160 நிமிடம். உங்கள் கையில் இருப்பது 154 நிமிடம் என்றால் கவலை வேண்டாம்: டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது நொடிக்கு 24 பிரேமை 25 ஆக ஓட்டுவதால் வரும் குறைவு அது. 130 நிமிடம்தான் இருக்கிறதா? யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். வேறு பிரதி தேடுங்கள்.

அடுத்தது வடிவம். 1950களின் நடுப்பகுதி வரை வந்த படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற கட்டத்துக்காகவே எடுக்கப்பட்டவை. தமிழில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் அப்படித்தான். இன்றைய அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. பட்டை பிடிக்கவில்லை என்று ரிமோட்டில் அகலத்தைக் கூட்டினால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். ஜூம் வைத்தால் தலையும் காலும் போய்விடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, படத்தில் வட்டமான ஒரு பொருளைத் தேடுங்கள். வண்டிச் சக்கரமோ சுவர்க்கடிகாரமோ நீள்வட்டமாகத் தெரிந்தால் அமைப்பை மாற்றுங்கள்.

கால் போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1948இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிரம்மாண்டமான முரசுகள், அவற்றின் மேல் வரிசை வரிசையாக ஆடுகிறவர்கள். கால்கள் முரசில் விழுவதுதான் அங்கே காட்சியே. அந்த முரசுகளுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் கீழ்ப்பகுதி தெரிந்தாக வேண்டும். ஜூம் வைத்தவருக்கு இடுப்புக்கு மேல் அசைவு மட்டும் மிஞ்சும். (படத்தின் கதை எனக்குப் பெரிதாகப் பிடிக்காது. அந்த நடனத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.)

டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். தியேட்டர் போல் எதிரொலிக்க வைக்கும் ஒலி அமைப்பும் வேண்டாம். பழைய ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. எதிரொலி சேர்த்தால் வசனம் குழையும். நாங்கள் ஒரே ஒரு சிறிய ஸ்பீக்கரை முன்னால் வைத்துக் கேட்கிறோம். ‘பராசக்தி’ போன்ற படத்துக்கு இது மிக அவசியம். சிவாஜி ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்துகிறார், எங்கே மூச்சு வாங்காமல் அடுத்ததைப் பிடிக்கிறார் என்பதில்தான் அந்தப் படத்தின் பலம் இருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவருக்கு அதன் நீதிமன்றக் காட்சியை மட்டும் துண்டாகக் காட்டாதீர்கள். முன்னால் அந்தக் குடும்பம் பட்டதைப் பார்க்காதவருக்கு அது வெறும் சத்தம்.

எதில் தொடங்குவது? என் பதில் ‘அந்த நாள்’. 1954, ஏ.வி.எம். தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. சென்னையில் 1943இல் ஜப்பான் குண்டு போட்ட பின்னணியில், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் செத்துவிழுவதோடு படம் ஆரம்பிக்கிறது. கதாநாயகன் முதல் காட்சியிலேயே போய்விட்டார். “அத்தை, சிவாஜி அவ்வளவுதானா?” என்று அண்ணன் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு போனைத் தொடவில்லை.

இதைப் பார்க்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். விசாரணையில் ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்வார்கள். அந்தந்தக் கதையில் ராஜன் எப்படிப் பேசுகிறான், எப்படி நிற்கிறான் என்று கவனியுங்கள். சொல்கிறவரைப் பொறுத்து ஆள் மாறிக்கொண்டே வருவான், நடிப்பவர் ஒருவரேதான். அறை விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல்தான் பாதிக் கதை. மங்கிய பிரதியில் அது வெறும் சாம்பல் படலமாகிவிடும். முடிவை முன்கூட்டிப் படித்துவிடாதீர்கள். பண்டரிபாய்க்காக மட்டும் நான் இந்தப் படத்தைத் திரும்பப் பார்ப்பேன்.

அடுத்து நேராக மகேந்திரனின் ‘உதிரிப்பூக்க’ளுக்குப் போகலாம் (1979). அதில் பேச்சு குறைவு. பேசாத இடங்களில் வேகத்தைக் கூட்டி ஓட்டினால் படமே கைநழுவிவிடும். அதைவிட எனக்கு நெருக்கமானது 1988இல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’. நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி ஒரு வீடு கட்டப் படுகிற பாடு, அவ்வளவுதான் கதை. பாட்டே கிடையாது. அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகிறார். பூசாத சுவர், மேலே எழும்பாத மூலைகள். ஒவ்வொரு அறையாக நுழைந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். வசனம் இல்லை, இளையராஜாவின் இசை மட்டும். வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் யாரும் அந்த நிமிடங்களைச் சும்மா பார்த்துக் கடக்க முடியாது. அங்கே போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

ஆவணப்படங்களுக்கு வேறு பழக்கம் வேண்டும். காமிரா எங்கே நிற்கிறது, அதை அங்கே நிறுத்தப் பணம் கொடுத்தது யார் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஆர்க்டிக் பனியில் வாழும் இன்யூட் மக்களைப் பற்றி 1922இல் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ இதற்கு நல்ல பாடம். பனிவீட்டுக்குள் குடும்பம் தூங்கி எழுவதைக் காட்டுகிறார். உள்ளே வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்டி எடுத்தார்கள். துப்பாக்கி பழகிவிட்ட மக்களை ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். படத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு ரோம வியாபார நிறுவனம். இவ்வளவும் தெரிந்த பிறகும் படம் எனக்குப் பிடித்தே இருக்கிறது. அந்தக் குளிரையும் அந்த முகங்களையும் யாரும் ஜோடிக்கவில்லை.

சத்யஜித் ராய் 1976இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’வில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாட்டைக் கடற்கரையில் ஆட வைத்திருக்கிறார். காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது, பின்னால் அலை. கண் முகத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. முகத்தாலும் கையாலும் பொருள் சொல்லும் அபிநயத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது. அதனால் கடைசியில் வரும் வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியை இரண்டு முறை பாருங்கள், இரண்டாவது முறை கையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும்.

பிலிம்ஸ் டிவிஷன் படம் என்றாலே தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய அரசாங்கப் படம் என்று ஒதுக்குகிறவர்கள் எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் ‘ஐ ஆம் 20’ஐப் பார்க்க வேண்டும். 1967இல் வந்தது. சுதந்திரம் வந்த ஆண்டில் பிறந்தவர்களைத் தேடிப்பிடித்து, இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள். கனவோடு பேசுகிறவரும் உண்டு, சலித்துப்போய்ப் பேசுகிறவரும் உண்டு. அரசாங்கக் காசில் எடுத்த படத்தில் அந்தச் சலிப்பையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அதற்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை. இருபது நிமிடம்கூட இல்லை, யூடியூபில் கிடைக்கிறது. சுதந்திரத்தை ஒட்டிப் பிறந்தவர்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். யார் பேசி முடித்ததும் அவர்கள் வாயைத் திறக்கிறார்களோ அங்கே படத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பேச விடுங்கள்.